பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை: எடைக்கடையிலிருந்து எமுலேட்டர் வரை

1980களில் வந்த கம்ப்யூட்டர் பத்திரிகை படிப்பதற்கு மட்டும் அச்சானதல்ல, தட்டுவதற்கும் அச்சானது. வீட்டில் சின்க்ளேர் கம்ப்யூட்டரோ கமடோர் கம்ப்யூட்டரோ வைத்திருந்தவர்கள் அதிலிருந்த பேசிக் லிஸ்டிங்கை (பேசிக் மொழியில் எழுதி அச்சிட்ட புரோகிராம் வரிகளை) வரி வரியாகத் தட்டி, ஓட்டிப் பார்த்து, கேசட்டில் பதிந்துகொண்டார்கள். ஆகவே ஓர் இதழைக் காப்பாற்றிவிட்டோமா என்பதற்கு அளவுகோல் ஒன்றே: அதிலுள்ள புரோகிராம் எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் இன்றைய மென்பொருளில்) திரும்ப ஓட வேண்டும். அட்டை புதுசு போல இருந்தும் 64-ஆம் பக்கத்தில் ஒரு கமா அழிந்திருந்தால் அந்த இதழ் பாதிதான் பிழைத்திருக்கிறது. வாங்குவது, காய வைப்பது, ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுவது, ஸ்கேன் எடுப்பது எல்லாமே அந்தக் கமாவுக்காகத்தான்.

எங்கே கிடைக்கும், எதை எடுக்க வேண்டும்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பழைய சாமான்களோடு புத்தகக் கட்டுகளும் வரும். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய புத்தகக் கடைகளில் இந்தச் சரக்குக்கு வாய்ப்பு குறைவு. பெரிய நம்பிக்கை பழைய பேப்பர் கடைகள்தான். பொங்கலுக்கு முன் வீடு வெள்ளையடிக்கும் நாட்களிலும், மே மாதம் வீடு மாற்றுகிற சமயத்திலும் பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்கும். திருநகர், அண்ணா நகர், கே.கே. நகர் போல ஓய்வுபெற்ற இன்ஜினியர்களும் பேராசிரியர்களும் குடியிருக்கும் பக்கத்துக் கடைகளில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கட்டு வந்ததும் "அண்ணே, பிரிக்காம அப்படியே எடை போடுங்க" என்று கேட்டு மொத்தமாக வாங்குவது நல்லது. பிரித்தால் முதலில் தொலைவது நடுவில் செருகிய அட்டையும் இலவச இணைப்பும்தான். அடுத்தடுத்த மாத இதழ்கள் ஒரே கட்டில் இருப்பது ஏன் முக்கியம் என்பது கீழே திருத்தங்களைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

இந்தியப் பத்திரிகைகளில் எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ 1969-லிருந்து வருகிறது. டேட்டாக்வெஸ்ட் 1982-லும் பிசி குவெஸ்ட் 1987-லும் தொடங்கின. தமிழில் தமிழ் கம்ப்யூட்டர் இதழும், தினமலரின் கம்ப்யூட்டர் மலர் இணைப்பும். வெளிநாட்டு இதழ்களில் பைட் (1975 செப்டம்பர் முதல் 1998 ஜூலை வரை), கம்ப்யூட், ஏகார்ன் யூசர், சின்க்ளேர் யூசர். ஏகார்ன் யூசர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க மத்திய அரசு 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தது ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ. அந்த இதழில் உள்ள லிஸ்டிங் நம் ஊர்ப் பிள்ளைகள் தொட்ட மெஷினுக்கு எழுதியது. சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் மெஷினுக்கு எழுதிய லிஸ்டிங்கும் நமக்கு அந்நியமில்லை. புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் அதே மெஷினை இங்கேயே தன் பெயரில் விற்றது.

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் இன்டர்நெட் ஆர்க்கைவில் அந்த இதழ் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பைட், கம்ப்யூட் போன்றவை அங்கே நிறைய உண்டு. நேரம் குறைவாக இருந்தால் இந்திய இதழ்களையும் தமிழ் இதழ்களையும் முதலில் எடுங்கள். அவற்றுக்கு நம்மை விட்டால் வேறு ஆளில்லை.

பூச்சி, ஈரம், துரு

வாங்கிய கட்டை நேராக அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். ராமபாணப் பூச்சி ஒரு கட்டில் இருந்தால் எல்லாக் கட்டிலும் பரவும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை டேப்பால் மூடி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற டீப் ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வீட்டு ஃப்ரிஜ்ஜின் மேல் தட்டில் அந்தக் குளிர் நிலையாக இருக்காது. தெரிந்த ஐஸ்கிரீம் கடை இருந்தால் உதவும். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த காகிதத்தில் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

நனைந்த இதழில் அதிக அவசரம் காட்ட வேண்டியது வழவழப்பான தாள் விஷயத்தில். அந்தத் தாளின் மேல் பூச்சு நனைந்து, அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். ஈரம் இருக்கும்போதே, நனைந்த சில மணி நேரத்துக்குள், பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் செருகி, மின்விசிறியை எட்ட வைத்து உலர்த்துங்கள். அதற்கு நேரமில்லை என்றால் ஈரத்தோடேயே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கிறபோது சிறிது சிறிதாக எடுத்துச் செய்யலாம். ஏற்கெனவே ஒட்டிக் காய்ந்துவிட்ட பக்கத்தை இழுக்காதீர்கள். சாதாரண நியூஸ்பிரின்ட் தாளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, நிழலில் காய்ந்தால் போதும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்தால் ஒரே நாளில் தாள் மஞ்சளித்து மொறுமொறுப்பாகிவிடும்.

துருப்பிடித்த பின்னை நகத்தாலோ ஸ்டேப்ளரின் பின்பக்கத்தாலோ நெம்பக் கூடாது, தாள் கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் மடங்கிய இரண்டு காலையும் மெல்லிய மழுங்கல் கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கம் திருப்பி, பின்னை நேராக வெளியே இழுங்கள். துருத்தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ஈரத்துணி பட்டால் துரு தாளுக்குள் இறங்கும்.

ஸ்கேன் முடிந்ததும் புதுப் பின் அடிக்காமல், பைண்டிங் கடையில் கிடைக்கும் பருத்தி நூலால் தையுங்கள். முதுகின் நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் ஒவ்வொன்று. பழைய பின் துளைகளே மேல் கீழ்த் துளைகளாக உதவும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. நூலின் இரு முனையும் அந்த நீளத் தையலின் இருபக்கமும் வரும்படி முடிச்சுப் போடுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். மைதாப் பசையும் வேண்டாம், பூச்சிக்கு அது சாப்பாடு. பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழக்கம் பைண்டிங்கில் உண்டு. அதிலுள்ள செம்பு வருடக்கணக்கில் காகிதத்தையே நொறுங்க வைக்கும்.

ஸ்கேன்

கட்டுரைப் பக்கத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். லிஸ்டிங் பக்கத்துக்கு 600 வையுங்கள், அதுவும் கிரேஸ்கேலில் (சாம்பல் நிறச் சாயல்களோடு). பல இதழ்கள் லிஸ்டிங்கை எழுத்துக் கோர்க்காமல், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்ததையே படமாக எடுத்து அச்சிட்டன. ரிப்பன் தேய்ந்திருந்தால் கமாவின் வால் ஒரே ஒரு மங்கல் புள்ளிதான். கறுப்பு-வெள்ளை முறையில் எடுத்தால் ஸ்கேனர் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். ஏ4 பக்கம் ஒன்று 600 டிபிஐ கிரேஸ்கேலில் சுருக்காமல் 35 மெகாபைட் வரும். 100 பக்க இதழுக்கு மூன்றரை கிகாபைட். அந்த இடத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பிடிஎஃப்பைச் சிறிதாக்க ஜேபிக்2 என்றொரு சுருக்கும் முறை இருக்கிறது. அதன் இழப்புள்ள வகை, ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை ஒரே படமாக வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டும். இதனால் 6 இருந்த இடத்தில் 8 வந்துவிடும், அதுவும் மங்கலாக இல்லாமல் பளிச்சென்று. 2013-ல் அலுவலக ஸ்கேனர்களில் இது நடப்பது வெளிச்சத்துக்கு வந்தது. எண்களாலேயே ஆன மெஷின் கோடு (ப்ராசசர் நேரடியாக ஓட்டும் கட்டளைகள்) பக்கத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. மூலப் படங்களை டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகவே வைத்திருங்கள்.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால், பக்கத்துக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் பேப்பர் வையுங்கள், பாதிக்குப் பாதி மறையும். வண்ண அட்டையில் அலையலையாக வரி விழுந்தால் 600-ல் எடுத்து 300-க்குக் குறையுங்கள். பைட் போல 500 பக்கம் தாண்டிய, கம் ஒட்டிய முதுகுள்ள இதழை ஸ்கேனரில் அழுத்தினால் கம் உடைந்து பக்கங்கள் உதிரும். அதற்கு ஸ்கேனர் வேண்டாம். இதழை முழுதாக விரிக்காமல் 90 டிகிரிக்கு மட்டும் திறந்து, இருபக்கமும் விளக்கு வைத்து, மேலே கேமராவை நிறுத்தி எடுங்கள்.

விளம்பரப் பக்கங்களை விடாதீர்கள். விலையும் மெமரி அளவும் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டவும் வேண்டாம். 1980களின் நடுவில் சில இதழ்கள் பக்க ஓரத்தில் சாஃப்ட்ஸ்ட்ரிப் என்ற நெடுக்குக் கறுப்புப் பட்டையை அச்சிட்டன. பார்க்க அலங்காரம் போல இருக்கும், உண்மையில் அதுவே முழு புரோகிராம்.

இணைப்பாகக் கேசட் இருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாகப் பதியுங்கள். டால்பியும் இரைச்சல் நீக்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும், எம்பி3 கூடவே கூடாது.

தட்டுவது

லிஸ்டிங்கை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) செய்து நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும், ஐ எழுத்தும் 1-ம், எஸ் எழுத்தும் 5-ம், பி எழுத்தும் 8-ம் அதற்கு ஒன்றுதான். பிழை தேடும் நேரத்தில் இரண்டு முறை தட்டிவிடலாம். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டுவதே வேகமானது. எண்ணை முழுதாகச் சொல்லாமல் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். நூத்தாறும் நூறும் வேகத்தில் ஒன்றுபோலக் காதில் விழும், "ஒண்ணு பூஜ்யம் ஆறு" என்றால் விழாது. கமா, புள்ளி, செமிகோலன் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்டு எழுதும் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்களில் வரும் எழுத்துகளுக்கு ஏ ஏணி, பி பிட்டு, சி சீயக்காய், டி டீக்கடை, ஈ ஈசல், எஃப் எஃகு என்று வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

மெஷினுக்கு மெஷின் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு. கமடோர் 64 லிஸ்டிங்கில் மேற்கோள் குறிக்குள் கறுப்புக் கட்டத்தில் இதயம் தெரிந்தால் அது திரையைத் துடைக்கும் கட்டளை. கட்டத்துக்குள் எஸ் இருந்தால் கர்சர் திரையின் மேல் இடது மூலைக்குப் போகும், கியூ இருந்தால் ஒரு வரி கீழே இறங்கும். மங்கலான அச்சில் மூன்றும் மைத்துளி போலவே இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். கமடோரில் ஒரு வரிக்கு 80 எழுத்துதான் தட்ட முடியும். அதைத் தாண்டிய வரி அச்சில் இருந்தால், எழுதியவர் பிரின்ட் (திரையில் காட்டு) கட்டளைக்குப் பதில் கேள்விக்குறி போன்ற சுருக்கங்களைத் தட்டியிருக்கிறார் என்று பொருள். சாதாரண உரைக் கோப்பில் தட்டி, வைஸ் எமுலேட்டரோடு வரும் பெட்கேட் கருவியால் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. உரையைச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஸ்பெக்ட்ரம் 48-ல் பிரின்ட் என்று எழுத்துக்கூட்டித் தட்ட முடியாது, பி விசையை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்து விழும். பழக்கமில்லாதவர்கள் ஃபியூஸ் எமுலேட்டரில் 128 மாடலைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தெழுத்தாகத் தட்டலாம். விளையாட்டு லிஸ்டிங்கில் அடிக்கோடிட்ட ஏ, பி, சி இருந்தால் அவை எழுத்தல்ல, பயனர் வரைந்த படங்கள். கேப்ஸ் ஷிஃப்ட்டோடு 9 அழுத்தி கிராஃபிக்ஸ் நிலைக்குப் போய்த் தட்ட வேண்டும். சாதாரணமாகத் தட்டினால் புரோகிராம் பிழை சொல்லாமல் ஓடும். ஆனால் விண்கப்பல் பறக்க வேண்டிய இடத்தில் "ஏபி" என்ற எழுத்து நகரும்.

பிபிசி மைக்ரோவில் மோட் 7 திரையில் சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் ← → என்று அம்பு தெரியும், பின்சாய்கோடு ½ ஆகத் தெரியும். பதற வேண்டாம், உள்ளே சரியாகத்தான் பதிவாகியிருக்கிறது. அங்கே உண்மையான சிக்கல் மெமரி. கேசட் மெஷினில் புரோகிராம் 3584-ஆவது முகவரியில் தொடங்கும், டிஸ்க் இணைத்த மெஷினில் 6400-ல். எமுலேட்டர்கள் பெரும்பாலும் டிஸ்க் மெஷினாகவே திறக்கும், 2816 பைட் குறைந்துவிடும். மோட் 0, 1, 2 திரைகள் 20 கிலோபைட்டை விழுங்குவதால், கேசட்டுக்கு எழுதிய லிஸ்டிங் இடமில்லை என்று நின்றுவிடும். டிஸ்க் இல்லாத மாடலைத் தேர்ந்தெடுங்கள், அல்லது தட்டத் தொடங்கும் முன்பே பேஜ் (புரோகிராம் தொடங்கும் முகவரி) மதிப்பை 3584-க்கு இறக்குங்கள். அப்படி இறக்கினால் டிஸ்க்கில் சேமிக்க முடியாது, கேசட் கோப்பில் சேமியுங்கள்.

இந்திய இதழ்களில் பிசிக்காக வந்தவை பெரும்பாலும் ஜிடபிள்யூ பேசிக். அவற்றுக்கு பிசி-பேசிக் என்ற எமுலேட்டர் போதும்.

ஓடவில்லை என்றால்

பிழை காட்டும் வரியும் பிழை இருக்கும் வரியும் வேறு வேறு. பேசிக்கில் டேட்டா வரி எண்களை வைத்திருக்கும், ரீட் கட்டளை அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும், போக் கட்டளை அவற்றை மெமரியில் வைக்கும். கமடோர் லிஸ்டிங் ஒன்றின் டேட்டா வரியில் இப்படி இருப்பதாக வையுங்கள்:

169,34,141,32,208

திரையின் ஓர நிறத்தை மாற்றும் மெஷின் கோடு இது. முதல் கமாவுக்குப் பதில் புள்ளி விழுந்தால் 169.34 என்று ஒரே எண்ணாகிவிடும். ஐந்துக்கு நான்குதான் இருக்கும், "அவுட் ஆஃப் டேட்டா" என்று ரீட் வரியைக் காட்டும். அந்த ரீட் வரியை எத்தனை முறை பார்த்தாலும் அதில் குற்றமில்லை. கமாவே விடுபட்டால் 16934 ஆகி, 255-க்கு மேல் போனதால் போக் வரியில் "இல்லீகல் குவான்டிட்டி" வரும். 141-ஐ 114 என்று தட்டினால் எந்தச் செய்தியும் வராது, மெஷின் உறைந்து நிற்கும், தட்டியது எல்லாம் போகும். ஆகவே ரன் கொடுப்பதற்கு முன் சேமிப்பதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

இதைப் பிடிக்க டேட்டா வரிகளைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். மேலே உள்ளதன் கூட்டல் 584. ஆனால் 34-ம் 32-ம் இடம் மாறினாலும் கூட்டல் அதேதான். எண்ணை அதன் இடத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்: 169×1, 34×2, 141×3, 32×4, 208×5 சேர்ந்து 1828. இடம் மாறினால் 1832 வரும், அகப்பட்டுவிடும். இதழிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி, வரிக்கு வரி இந்தக் கூட்டலை ஒப்பிட்டால், பெரும்பாலும் மெஷின் கோடு முதல் முயற்சியிலேயே ஓடும்.

கம்ப்யூட் இதழ் 1983 அக்டோபரில் ஆட்டோமேட்டிக் ப்ரூஃப்ரீடர் என்ற சரிபார்ப்பு புரோகிராமையே வெளியிட்டது. அதற்குப் பிந்தைய பல லிஸ்டிங்குகளில் வரி முடிவில் ரெம் (குறிப்பு என்று காட்டும் சொல்) போட்டு ஓர் எண் இருக்கும். அது சரிபார்ப்பு எண், தட்டக் கூடாது.

எல்லாம் சரியாகத் தட்டியும் ஓடவில்லையா? அச்சே தப்பாக இருக்கலாம், அது அபூர்வமும் அல்ல. அடுத்த மூன்று நான்கு இதழ்களைப் புரட்டுங்கள். கம்ப்யூட்டின் கெசட் இதழில் பக்-ஸ்வாட்டர் என்றே ஒரு திருத்தப் பகுதி வந்தது, மற்றவற்றில் வாசகர் கடிதத்துக்கு நடுவே ஒரு பெட்டிச் செய்தியாக ஒளிந்திருக்கும். கட்டைப் பிரிக்காமல் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். வரி எண்களை மாற்றி ஒழுங்குபடுத்தும் ரீநம்பர் கட்டளையைத் தொடாதீர்கள். தொட்டால் திருத்தத்தில் சொன்ன 340-ஆம் வரி எதுவென்று தெரியாது.

வைக்கும் இடம்

ஸ்டீல் அலமாரியில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, கீழ்த்தட்டைக் காலியாக விட்டு நிற்க வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். துணியில் முடிந்த வசம்பு வைப்பது நம் பழைய வழக்கம், தாளில் நேராகப் படாமல் இருந்தால் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டைத் திறக்க வேண்டாம், ஸ்கேன் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இதழ்கள் இன்னும் பதிப்புரிமைக்குள் இருப்பவை. சொந்தமாகப் படிக்கவும் ஆராயவும் வைத்துக்கொள்வது வேறு, ஊருக்கெல்லாம் ஏற்றுவது வேறு. பொதுவில் வைக்க விரும்பினால் பதிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு இதழுக்குள்ளும் அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். எந்தப் பக்கத்து லிஸ்டிங், எந்த எமுலேட்டரின் எந்த மாடலில் ஓடியது, அச்சில் இருந்த தப்பு எந்த வரியில், அதன் திருத்தம் எந்த மாத இதழின் எந்தப் பக்கத்தில், ஓடாமல் நிற்பது எது என்று அதில் இருக்க வேண்டும். பேனா மை மழைக்காலத்தில் பக்கத்துத் தாளில் ஊறிவிடும், பென்சில் ஊறாது. அதே விவரத்தை ஸ்கேன் கோப்புறைக்குள் ஓர் உரைக் கோப்பாகவும் போட்டு, கோப்புகளுக்கு வருடம், மாதம், பக்கம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: 1984-03-064 என்பது போல. மூன்று இலக்கமாகப் போட்டால்தான் 100-ஆம் பக்கம் 64-க்கு முன்னால் போய் உட்காராது.